கோச்சி வடை: மலைநாட்டு ரயில் பாதையில் உண்டலும் உறங்கலும் பற்றிய ஓர் ஆய்வு

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை போகும் ரயில் பாதையின் பொறியியல் பற்றி எழுதியிருக்கிறார்கள். சுரங்கங்கள் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு முன்னால் நின்று எடுத்த படங்களுக்குக் கணக்கே இல்லை. அந்தப் பாதையில் பயணி என்ன தின்றான், எங்கே படுத்தான் என்ற விடயத்தில் மட்டும் அறிவுலகம் வாய் திறக்கவில்லை. பேராதனையில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில்தான் கோச்சி போகிறது. வடைக் கூடையோடு ஏறுகிறவரை மறித்து ஒரு வினாக்கொத்தை நீட்டிய பேராசிரியரைக் காணோம். அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை.

ஆய்வு எல்லை நாவலப்பிட்டியிலிருந்து நானுஓயா வரை. நாட்டிலேயே உயரமான ஸ்டேசனான பட்டிப்பொலை வரை நீட்டியிருக்கலாம்தான். ஆய்வு நிதி நானுஓயாவோடு தீர்ந்துவிட்டது.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பியை இறக்குவதற்காகத் தொடங்கிய பாதை இது. 1874இல் நாவலப்பிட்டியை எட்டியது, 1885இல் நானுஓயாவை. இதற்கிடையில், 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களைத் துடைத்து முடித்திருந்தது. ஆக, இந்தப் பாதையில் வயிறாரச் சாப்பிட்ட முதல் ஜீவன் ஒரு பூஞ்சணம்.

இனி மையத் தரவான வடை. பிரம்புக் கூடை, மேலே பொலித்தீன், ஓரத்தில் பொரித்த செத்தல் மிளகாய், அரிந்த வெங்காயம். பருப்பு வடையோடு இவை இலவசம். ஆட்கள் ஒற்றைக் காலில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் கூடைக்காரர் மட்டும் ஒருவர் மேலும் எண்ணெய் படாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவது எப்படி என்பதைப் பௌதிகத் துறைக்கு விட்டுவிடுகிறேன். இறால் வடையை விலங்கியலிடம் ஒப்படைக்க வேண்டும். களப்பில் பிறந்த பிராணி, தலையும் மீசையும் குலையாமல், வடை மேல் சப்பணமிட்டு, நாலாயிரம் அடிக்கு மேலேயுள்ள ஹட்டனுக்கு எப்படி ஏறி வந்தது? களப்பணியில் ஒரு கூடைக்காரத் தம்பியிடம் கேட்டேன்.

"தம்பி, இந்த இறால் எங்கேருந்து வருது?"

"கடல்லேருந்துதாண்ணே. எடுக்கிறீங்களா, இல்லையா?"

நேர்காணல் அத்துடன் நிறைவுற்றது.

வடை சுற்றி வரும் கடதாசி தனி ஆவணக் காப்பகம். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாள். என் கைக்கு வந்த ஒன்றில் பின்னக் கணக்கு. வாத்தியார் சிவப்பு மையில் 'கவனம்' என்று எழுதியிருந்தார். எண்ணெய் ஊற ஊற, மறுபக்கத்துக் கணக்கும் தெரிய ஆரம்பித்தது. அதுவும் பிழை. கீழே ஏறும் கூடையில் சிங்களக் கொப்பி, ஹட்டனுக்கு மேலே தமிழ்க் கொப்பி என்று ஒரு கருதுகோள் வகுத்துக்கொண்டு போனேன். கொட்டகலையில் அது கவிழ்ந்தது. அங்கே கிடைத்த வடையை யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக் கூற்றில் சுற்றியிருந்தார்கள். மீதி அவ்வளவாக இல்லை.

ஹட்டனில் இறங்கி டவுனுக்கு ஏறினால் சோட்டீஸ் தட்டு காத்திருக்கும். கேட்காமலே ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், மாலு பாண் என்று ஒரு தட்டு நிறைய மேசைக்கு வரும். தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் உள்ளே போய், அடுத்த மேசையில் மறுபடி அவதரிக்கும். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. ஒரு ரோல்ஸ் காலையிலிருந்து எத்தனை மேசை கண்டது என்பதை, மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்வது போல, அதன் ஓரச் சுருக்கத்தை வைத்துச் சொல்லிவிடலாம். முக்தி என்பது கடைசியில் யாராவது கடித்துவிடுவது.

கூடவே வரும் பிளேன்டீயைப் பற்றிச் சிரிக்காமல் ஒரு வார்த்தை. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, கிளாசில் டஸ்ட். நல்ல இலை கொழும்பு ஏலத்துக்கு இறங்கிவிடுகிறது, 1883இலிருந்து அதுதான் வழக்கம். பறித்த ஊரில் மிஞ்சுவது தூள். சீனியை அள்ளிப் போட்டால் வித்தியாசம் தெரியாது என்பது கடைக்காரர்களின் நெடுநாள் கண்டுபிடிப்பு.

அடுத்து, உறக்கவியல். சிவனொளிபாதமலை சீசனில் ஹட்டனில் அறை எடுப்பவர்கள் தூங்குவதில்லை. இரவு வந்து, பையை வைத்து, நல்லதண்ணிக்கு பஸ் பிடித்து, மலை ஏறி, சூரிய உதயம் பார்த்து, மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அறையில் நன்றாகத் தூங்கி எழுவது பை மட்டுமே. வரவேற்பு மேசையில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: "சுடுதண்ணி வருமா?" "வரும்" என்பதுதான் எப்போதும் பதில். எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை.

நானுஓயாவில் இறங்கிப் போகும் நுவரெலியாவில் நிலைமை வேறு. அங்கே அறை எடுப்பவர் படுக்க அல்ல, துரையாக இருந்து பார்க்கப் போகிறார். கவர்னர் பார்ன்ஸ் தங்கிய வீடு பெரிய ஹோட்டலாயிற்று. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும். கொண்டுவராதவருக்கு இரவலாகவும் கிடைக்கும். முன்பின் தெரியாத ஒருவருடைய கோட்டுக்குள் உட்கார்ந்து சூப் குடிக்கும்போது பசி அடங்குகிறதா, கூச்சம் கூடுகிறதா என்பது உளவியலாளர் வேலை.

கந்தப்பொலையில் தேயிலை ஃபேக்டரி ஒன்று 1996இல் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகளில் இப்போது விருந்தாளிகள் தூங்குகிறார்கள். வெளியே ஒரு ரயில் பெட்டி நிற்கிறது, அதற்குள் இரவு விருந்து. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பொலை வழியாக இராகலை வரை ஒரு சின்னக் கோச்சி ஓடியது. 1903இல் நுவரெலியாவுக்கு வந்த அந்தப் பாதை 1940களில் கைவிடப்பட்டது. கோச்சி ஓடிய காலத்தில் ஸ்டேசனில் வாங்கித் தின்றார்கள். இப்போது ஓடாத பெட்டியில் முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறார்கள். வடைக்காரர் ஏறாத ஒரே பெட்டி இதுதான். சில ஹோட்டல்களில் விருந்தாளிக்குக் கூடை மாட்டிவிட்டுக் கொழுந்தும் பறிக்க விடுகிறார்கள். பறித்ததற்கு அவர்தான் காசு கொடுக்கிறார். பறிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டு கேட்டு, 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. பொருளியலாளர் பார்வைக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

முடிபு: நாவலப்பிட்டிக்கும் நானுஓயாவுக்கும் இடையில் தலைசிறந்த சாப்பாட்டுக் கடை ஓடுகிற கோச்சிதான். கோட்டு வேண்டாம், முன்பதிவு வேண்டாம், தட்டு உள்ளே போய்த் திரும்பி வராது. இவ்வாய்வைத் தொடர விரும்பும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: கையில் சில்லறை வைத்திருங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். கூடைக்காரர் அடுத்த ஸ்டேசனில் இறங்க வேண்டியவர்.