சென்சார் மேல் பழி

எண்பதுகளில் கோவையில் நான் தொழில் பழகிய பட்டறைக்கு, மே மாதம் பிறந்தாலே மலை ஏறப்போய்த் திரும்பிய வண்டிகள் வரிசைகட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகையில், பர்லியாரைத் தாண்டுமுன் கொதித்து நின்றுபோன அம்பாசடர்கள்தாம் பெரும்பாலும். மேஸ்திரி ஸ்பேனரைத் தொடுமுன் இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஓஸ்களில் கை வைத்தபடி நிற்பார். இன்ஜின் கொதித்தும் மேல் ஓஸ் சூடேறவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. ரேடியேட்டரில் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்கே போர் தண்ணியின் உப்பு அடைத்திருக்கிறது. "கையை வெச்சுப் பாருடா, அதுவே சொல்லும்" என்பார். இன்றும் நான் அப்படித்தான் தொடங்குகிறேன்.

ஆனால் அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லமாட்டேன். "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது அப்போது ஊர் வழக்கம். சுமார் 82 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு இல்லாமல், இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நெடுநேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். வண்டி கொதிக்கவில்லை என்பதால் எல்லோருக்கும் திருப்தி. இன்றைய கார் அந்தக் குறையைத் தானே கண்டுபிடித்து, பி0128 என்று எழுதிவைக்கிறது. இது பெரிய முன்னேற்றம்.

வருத்தம் தருவது வேறொன்று. ஸ்கேனர் காட்டும் எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். "ஏனுங்ண்ணா, வேற எடத்துல சென்சார் மாத்தியாச்சுங்க. லைட்டும் அணையல, ஃபேனும் நிக்கல." ஸ்கேனரில் பி0118. கூலன்ட் சூடு மைனஸ் 40 டிகிரி. கோயம்புத்தூரில்!

கூலன்ட் சூட்டை அளக்கும் அந்த சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள். பல கார்களில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கிவிடும். இணைப்பு எங்கே அறுந்தாலும் கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்றே படிக்கும். சூட்டை அறிய வழியில்லாததால், இன்ஜினைக் காக்க ஃபேனை ஓடவிடும். ஆக அந்த எண் குற்றம் சொல்வது சர்க்யூட்டை. சர்க்யூட்டில் சென்சார் ஒரு பகுதிதான்.

சாக்கெட்டைக் கழற்றி, அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணைத்தேன். வயரிங் நன்றாக இருந்தால் திரையில் சூடு உச்சத்துக்குத் தாவ வேண்டும். மைனஸ் 40 அசையவில்லை. ஹார்னஸின் டேப்பைப் பிரித்துக்கொண்டே போனால், பேட்டரிக்கு அடியில் எலிப் பல் பட்ட ஒரு வயர். மேலுறையில் சின்னக் கீறல்தான். உள்ளே செம்பு பச்சை பூத்து, விரல் பட்டதும் உதிர்ந்தது. புது வயர் ஒட்டவைத்து இன்சுலேஷன் போட்டதும் ஃபேன் நின்றது. அவர் காசு கொடுத்து மாற்றிய பழைய சென்சாரில் பழுது இருந்திருக்க வாய்ப்பு குறைவு.

இரவு முழுக்க நிறுத்திய வண்டி என்றால் இன்னும் எளிது. காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும், இன்ஜின் இழுக்கும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல சின்னக் கார்களில் இப்போது சூட்டு முள்ளே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு. முள் இருக்கும் கார்களிலும் பலவற்றில் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். அசைவதற்குள் நிலைமை முற்றிவிடும். சென்சார் கூலன்டில் முங்கியிருக்கும்வரைதான் சரியாக அளக்கும். கூலன்ட் ஒழுகித் தீர்ந்துவிட்டால், சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதே அது குறைந்த சூட்டைக் காட்டக்கூடும். ஆகவே ஏறிய முள் சட்டென்று இறங்கினால் நிம்மதியடையாதீர்கள். ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் கூலன்ட், மூடி தளர்ந்த நொடியில் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.