வாளிக்குள்ள வந்த பாதாள மீனு

லேய் மக்கா, அந்தச் செல்லைக் கொஞ்சம் கீழ வை. "புது மீனு கண்டுபிடிச்சாச்சு"ன்னு துள்ளுகியே, யாருக்குடே புதுசு? மீனுக்கா?

கேரளத்துல செங்ஙன்னூர் பக்கம், 2020-ல ஒருத்தர் குளிக்கப் போனாரு. கெணத்துத் தண்ணி. வாளிக்குள்ள செவப்பு நூலுத்துண்டு மாதிரி என்னமோ நெளியுது. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? கூப்பாடு போட்டு, வாளியோட ஓடையில கவுத்தியிருப்ப. கெணத்துல பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருப்ப. அவரு பத்திரமா எடுத்து வச்சு, விவரம் தெரிஞ்சவங்களுக்குச் சேதி சொன்னாரு. அவங்க அளந்து, டி.என்.ஏ. வரைக்கும் நோண்டிப் பாத்து, 2022-ல 'பாஞ்சியோ பாதாளா'ன்னு பேரு போட்டாங்க. அப்ப நீ எங்கடே போயிருந்த? மறு வருசம் ஆலிவுட்டு டிகாப்ரியோ அந்த மீனு படத்தைப் போட்ட பொறவுதானே ஒனக்குப் புல்லரிச்சுது! கப்பலோட முங்குன நடிகன் சொன்னாத்தான் கெணத்துத் தண்ணி கண்ணுக்குத் தெரியும் போல.

பேரு வைக்கிற கூத்து வேற இருக்கு, கேட்டியா? 2018 வெள்ளத்துக்குப் பொறவு மலப்புறம் வேங்கரையில ஒண்ணு வெளிய வந்துது. விராலுக்குப் பங்காளி. ஆனா பாகம் பிரிஞ்சு கோடிக்கணக்கான வருசம் ஆச்சு. அம்புட்டு மூத்த தாத்தனுக்கு என்ன பேரு? கொல்லம்! நம்ம கொல்லம் ஊரு இல்லடே. இங்கிலீசுப் படத்துல மோதிரத்துக்காவக் குகைக்குள்ள கெடந்து சாவுத சொட்டத்தலையன். கோழிக்கோட்டுக் கெணத்துல கெடச்ச இன்னொண்ணுக்கு 'புஜியா'ன்னு முறுக்குக்கடைப் பேரு. பக்கத்துல டீ கிளாசும் வச்சிருக்கலாம்.

2023-ல பேரு போட்ட ஒண்ணு மட்டும் ஞாயம். 'ஹொராக்ளானிஸ் பாப்புலி'. கண்ணு கெடையாது. தோலு வழியா ரத்தச் செவப்பு தெரியும். இருட்டுல கெடக்கவனுக்குக் கண்ணு எதுக்கு, நெறம் எதுக்கு? ஊரு சனங்க வருசக்கணக்கா கெணத்தைப் பாத்துச் சேதி சொன்னதால, சனங்க பேரையே வச்சிட்டாங்க.

இதெல்லாம் எங்க இருந்து வருதுங்க? வெட்டுக்கல்லுப் பாறைக்கு உள்ள பொந்து பொந்தா தண்ணி நிக்கும். அங்கதான் குடித்தனம். கெணறு வெட்டுனா எட்டிப் பாக்கும்.

நீ என்ன செஞ்ச? ஒங்க தாத்தன் வெட்டுன கெணத்தை மூடி, டைல்ஸ் ஒட்டி, மேல புல்லட்டை நிறுத்தியிருக்க. ஐநூறு அடிக்குப் போரும் போட்டாச்சு. அதுல மீனு வராதுடே. வந்தா மோட்டார்ல அரைஞ்சு, கொழம்பாத்தான் வரும்.