கறுத்த எண்ணெய்

கேள்வி: என் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஆயில் கறுத்துவிட்டது. வண்டி அதிகம் ஓடுவதுமில்லை. எப்போது மாற்றுவது?

பதில்: எரிபொருள் எரிகையில் உண்டாகும் கரியை எஞ்சினில் படியவிடாமல் தன்னுள் தாங்கிக்கொள்வதே அவ்வெண்ணெயின் தர்மமாகையால், கறுத்த எண்ணெய் கடமை தவறாத எண்ணெய் என்றே கொள்க, நிறத்தை வைத்துத் தீர்ப்பளிப்பது அதற்கும் அநியாயமே! வண்டியோடு வந்த கையேடு கூறும் தூரமும் காலமுமே பிரமாணம். கார் எண்ணெய் 10,000 கிலோமீட்டர் தாங்குகிறதே என்று ஒப்பிட வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் ஒரே எண்ணெய்தான் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஊழியம் செய்து, கியர்ப் பற்களிடையே நசுங்கிச் சீக்கிரம் தளர்கிறது. கார் எண்ணெயை இதில் ஊற்றினாலோ கிளட்ச் வழுக்கக்கூடும். டப்பாவின் மீது, இத்தகைய கிளட்சுக்கு ஏற்றதென்று காட்டும் 'ஜாஸோ எம்.ஏ.' முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதிகம் ஓடாத வண்டி என்று அலட்சியமாயிருப்பதும் தவறு. கடைத்தெருவரை போய்வரும் வண்டியில் எஞ்சின் பூரணமாகச் சூடேறாததால், நீரும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கி அதைக் கெடுக்கின்றன. ஆகவே, தூரம் நிறையாவிட்டாலும் வருஷம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். இடையில் அளவுகோலை எடுத்து, மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டதா என்று பாருங்கள். கறுப்பைவிடக் குறைவே அபாயம்.