குவியலியல்: சூத்திரமும் உரையும்

சூத்திரம்: கண்மறை பொருளெலாம் கருத்தினும் மறையும், நாற்காலி மேலதே நிலைபெறும் உலகு.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், வீட்டில் சட்டை, துண்டு, ஒயர், ரசீது முதலாயின ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இயல்பு உணர்த்துதல் நுதலிற்று. இதன் பொருள்: ஏடிஹெச்டி எனும் கவனக்குறைவு மிகைசெயல்பாட்டுக் குறைபாடு உடையார்க்குக் கண்ணில் படுவதே உண்டு; பீரோவுக்குள் போனது இல்லை என்றவாறு.

இத்துறைக்கு முன்னோர் உண்டு. ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-லேயே கவனம் ஓரிடத்தில் நில்லாதவர்களைப் பற்றி எழுதினார். 1902-ல் ஜார்ஜ் ஸ்டில் லண்டனில் இது குறித்து மருத்துவர்கள் முன் சொற்பொழிவாற்றினார். இருவரும் நோயாளியைப் பார்த்தார்களே ஒழிய அவர் வீட்டு நாற்காலியைப் பார்க்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு சற்று நெருங்கி வருகிறது. அடிக்கடி தொலைப்பவை என்று அது சொல்லும் உதாரணங்களில் சாவி, பர்ஸ், மூக்குக்கண்ணாடி, செல்போன் எல்லாம் இருக்கின்றன. நம் வீட்டில் காலை எட்டரை மணிக்குக் கேட்கும் கூக்குரல் அப்படியே அச்சில் ஏறியிருக்கிறது.

அதற்காக நாற்காலியை வைத்து நோய் கண்டுபிடிக்கக் கூடாது. அது மருத்துவர் வேலை. சிறு வயதிலேயே, பன்னிரண்டுக்கு முன்பே, அறிகுறிகள் தலைகாட்டியிருக்க வேண்டும். வீட்டோடு நில்லாமல் அலுவலகம் போன்ற வேறிடத்திலும் தெரிய வேண்டும் என்று அதே கையேடு நிபந்தனை விதிக்கிறது. குவியலோ எல்லார் வீட்டிலும் உண்டு.

குவியல்களில் தலையாயது நாற்காலிக் குவியல். படுக்கையறையில், கை எட்டும் தூரத்தில் பிறப்பது. கல்யாண ரிசப்ஷனுக்கு இரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றிய சட்டைதான் வித்து. அழுக்குக் கூடையில் போட மனம் வராது. சலவைத் துணியோடு பீரோவில் வைக்கக் கூசும். அழுக்கும் அல்லாத சலவையும் அல்லாத இந்த இடைநிலைத் துணிக்கு எந்தப் பொறியாளரும் வரைபடத்தில் இடம் விட்டதில்லை. ஓர் ஆணி அடித்தால் தீரும். அடித்தால் வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார் என்பது தனி ஆய்வுக்குரியது.

சட்டைமேல் துண்டு, துண்டின்மேல் லேப்டாப் பை, அதற்கும் மேல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ரிப்போர்ட் உச்சியில் கிடப்பது சோம்பலால் என்று வீட்டார் கருதுவர். அது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற நினைவு, காகித உருவில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. விருந்தாளி வருகிறார் என்று எல்லாவற்றையும் அள்ளிப் பீரோவில் திணித்துக் கதவைச் சாத்தினால் அறை சுத்தமாகிவிடும். ரிப்போர்ட் அடுத்த பொங்கல்வரை டாக்டரைப் பார்க்காது.

தடை: அங்ஙனமாயின் குப்பைக்கு இலக்கணம் வகுத்தீரோ எனின், விடை: எமக்கு முன்பே வகுத்துவிட்டார்கள். ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யுகியோ நோகுச்சி 1993-ல் ஒரு முறை சொன்னார். காகிதங்களை வகைபிரிக்காமல் உறையிலிட்டு வரிசையாக நிறுத்தி, எடுத்ததை மீண்டும் இடது ஓரத்தில் வை, அவ்வளவுதான். அதற்கும் முன்பு, 1985-ல், ஸ்லீட்டர், டார்ஜன் என்னும் கணினி அறிஞர்கள் இருவர், தேடி எடுத்ததை முன்னால் வைத்துக்கொண்டே போகும் பட்டியலில் மொத்தத் தேடல் செலவு, நாளைக்கு எது தேவைப்படும் என்று முன்கூட்டியே அறிந்தவர் அடுக்கியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டாது என்று நிறுவினார்கள். ஜோசியருக்கும் நமக்கும் இரண்டு மடங்குதான் வித்தியாசம். ஆனால் கணக்கு ஒரே வரிசைக்குத்தான். குவியல் ஹாலில் ஒன்று, சோபாவில் ஒன்று, ஃபிரிட்ஜ் மேல் ஒன்று என்று கிளைத்துவிட்டால் கணிதம் கைவிட்டுவிடும்.

சமையலறையில் சூத்திரம் வேறு விதமாக வேலை செய்கிறது. எவர்சில்வர் சம்படம் ஒளி புகாதது. உள்ளே துவரம்பருப்பா கடலைப்பருப்பா என்பது திறந்தால்தான் தெரியும். திறக்கத் தோன்றுவதற்கு முன் கடைக்குப் போயாயிற்று. மூன்றாவது பெருங்காய டப்பா இப்படித்தான் வீடு வந்து சேர்கிறது.

இனிக் கள ஆய்வு. போகிக்கு முந்தைய நாள் ஆய்வுக்குரியார் அலமாரியை ஒழிக்க இறங்கினார். முதல் தட்டில் விரித்திருந்த பழைய செய்தித்தாளை உருவினார். நின்றபடியே ஒரு கொலை வழக்கின் தீர்ப்பைப் படித்தார். மீதி அடுத்த தட்டில் இருந்ததால் அதையும் காலி செய்தார். அங்கே நகவெட்டி அகப்பட்டது. நகம் வெட்டினார். மதியம் அலமாரி காலி, கட்டில் நிறைந்தது. அப்போது நடந்த உரையாடல்:

“ஏங்க, இந்த ஒயர் எதோடது?”

“அது வேணும்மா.”

“எதுக்கு?”

“எதுக்காவது.”

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல காலமாகச் சொல்வது இங்கே பொருந்தும்: என்ன செய்ய வேண்டும் என்பது ஏடிஹெச்டி உடையார்க்குத் தெரியும், தெரிந்ததை அந்த நேரத்தில், அந்த இடத்தில் செய்வதில்தான் சிக்கல். எனவே அறிவுரையால் பயன் இல்லை. செய்யும் இடத்தை மாற்ற வேண்டும். அலமாரிக் கதவைக் கழற்றலாம். மூடியில்லாத கூடை நல்லது, உள்ளே தெரியும் டப்பா அதனினும் நல்லது. சாவிக்குக் கொக்கி கதவுக்குப் பக்கத்திலேயே. கட்டிலை நிறைக்காமல் ஒரு தட்டு, கால் மணி நேரம், போனில் அலாரம்.

இவை அனைத்தினும் வலியது உடனிருப்பு. பாடி டபுளிங் என்று இப்போது பேர் வைத்திருக்கிறார்கள். அருகில் ஒருவர் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தால் போதும். இவர் கை தானாக வேலை செய்யும். அவர் உதவலாகாது. “அப்பவே சொன்னேன்ல” என்று வாய் திறந்தால் மருந்து முறிந்துவிடும். மாமியாரை இப்பணிக்கு அமர்த்தலாமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

புறனடை: இங்குச் சொல்லாத குவியல்களும் அடங்குமாறு கொள்க. அவற்றுள் ஒன்று, வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கென்றே வாங்கிய டப்பாக்கள். ஆய்வுக்குரியார் வீட்டில் அவை வந்த அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமல் வாஷிங் மெஷின்மேல் இருக்கிறது. நல்ல கெட்டியான பெட்டி என்பதால், பிரித்த பிறகும் அதைத் தூக்கிப்போடும் உத்தேசம் இல்லை.