சாதாரண சித்தி

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வான் 1997இல் பிறந்தது. காலையில் எழும்பியதும் கொஞ்ச நேரம் இருமி, புகை விட்டுத்தான் வேலைக்கு வரும். நானும் அப்படித்தான். புகையை மட்டும் டொக்டர் நிறுத்திவிட்டார்.

மிற்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியர். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், நாலு சில்லும் இழுக்கும், கியர் தடிக்குப் பக்கத்தில் மலை ஏறுவதற்கென்று இன்னொரு குட்டித் தடி. பஸ்ஸிலும் சப்வேயிலும் வேலைக்குப் போய்வருகிற ஸ்காபரோக்காரனுக்கு இது எதற்கு என்று மனுசி முதல் நாளே கேட்டாள். இன்றைக்கும் கேட்கிறாள். என்னிடம் அன்றைய பதில்தான் இருக்கிறது: "ஸ்நோவுக்கு உதவுமப்பா."

உண்மைக் காரணத்தைச் சொல்ல வெட்கம். யாழ்ப்பாணத்தில் எனக்கு 17 வயதாக இருந்தபோது மச்சாள் ஒருத்தியின் கலியாணத்துக்கு ஒரு டெலிகா வான் பிடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுச் சனம் ஏறி, பலகாரத் தட்டங்கள் ஏறி, கடைசியில் மேளகாரரும் ஏறியபிறகு, "தம்பி, நீ சைக்கிளில வா" என்றார் பெரியப்பா. கிளப்பிய புழுதியை எல்லாம் எனக்கே விட்டுவிட்டு அந்த வான் முன்னால் போக, அதன் பின்கண்ணாடியைப் பார்த்தபடி ஆறு மைல் மிதித்தேன். பிறகு எத்தனையோ வாகனங்களில் ஏறியாகிவிட்டது. அந்தக் கண்ணாடி மட்டும் மறக்கவில்லை.

ஜப்பான் வாகனம் இறக்குவதில் இலங்கைக்கும் கனடாவுக்கும் உள்ள வித்தியாசம் வேடிக்கையானது. அங்கே சில வருசத்துக்கு மேல் பழசானதை இறக்க விடமாட்டார்கள். 2020இல் இருந்து 2025 வரை புதுசு பழசு அநேகமாக ஒன்றையுமே விடவில்லை. இங்கே தலைகீழ். ஜப்பானில் ஓடிய வாகனம் கனடாவின் பாதுகாப்பு விதிக்கு அமையச் செய்யப்படாதது, ஆகவே வரக்கூடாது. ஆனால் 15 வயது கடந்துவிட்டால் அந்த விதி அதைக் கேள்வி கேட்காது. அமெரிக்காவில் அதற்கு 25 வயதாக வேண்டும். வயசு போனதுகளை ஒருவரும் கண்டுகொள்வதில்லை என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் ஏன் விற்கிறார்கள் என்றால், அங்கே 'ஷாகென்' என்று ஒரு பரிசோதனை. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை காசைக் கொட்டவேண்டும். பழைய வாகனத்துக்கு அந்தக் காசைக் கொட்டுவதைவிட ஏலத்துக்கு அனுப்பிவிடுவது லாபம்.

ஏலத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு தாள் தருகிறார்கள். நடுவில் வாகனத்தின் படம், விரித்து வைத்த நண்டு மாதிரி. எங்கே என்ன காயம் என்று படத்தின் மேலேயே குறித்திருப்பார்கள். என் முகவர் அனுப்பிய தாளில் கதவோரம் ஒரு 'எஸ்', மட்கார்டில் ஒரு 'எஸ்', கீழ்ப்பக்கம் 'சி', 'சி', இன்னுமொரு 'எஸ்'. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நான் ஓ.எல். எழுதிய காலத்தில் 'சி' என்றால் திறமைச் சித்தி, 'எஸ்' என்றால் சாதாரண சித்தி. இரண்டு திறமையும் மூன்று சாதாரணமும் என்னுடைய பெறுபேற்றைவிட மேல். அன்றிரவே ஏலம் கேட்கச் சொல்லிவிட்டேன்.

வான் என் பெயருக்கு வந்து மூன்றாம் நாள் முகவர் விளக்கினார். 'எஸ்' என்றால் 'சபி', ஜப்பானிய மொழியில் கறள். 'சி' என்றால் அதுவே முற்றி அரித்த இடம். பக்கத்தில் போட்டிருக்கும் இலக்கம் கூடக்கூட நோயும் கூட. நான் வாங்கியது, ஐந்து பாடத்திலும் கறளில் சித்தி அடைந்த வான்.

மனுசிக்கு இதைச் சொல்லவில்லை. டெலிகா என்ற பெயரே 'டெலிவரி கார்' என்பதன் சுருக்கம் என்று ஒரு பெருமைக்கு மட்டும் சொன்னேன். "அப்ப சாமான் ஏத்துற வாகனம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தது. வான் வரவில்லை. கீழே சேறு இருக்கிறதாம். வேற்று நாட்டு மண் கனடாவுக்குள் வரக்கூடாது, அதோடு பயிரைக் கெடுக்கிற புழுவும் கிருமியும் சேர்ந்து வரும். விதி நியாயமானது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் சேற்றில் ஓடுவதற்கென்றே பிறந்த வாகனம் சேறில்லாமல்தான் வரவேண்டும் என்பதை அதைச் செய்தவனுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். பணம் கட்டிக் கழுவினார்கள். கழுவியபோது கறளில் ஒரு பகுதியும் போய்விட்டது என்று நினைக்கிறேன். வானில் அந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை.

அடுத்து சுங்கம். கனடாவில் வாகனத்தின் ஏ.சி.க்கு என்று தனியாக 100 டொலர் வரி இருக்கிறது. கட்டினேன். ஏ.சி. வேலை செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. எல்லையில் 5 வீதம், ஒன்ராறியோவில் பதிவுக்குப் போனால் இன்னும் 8 வீதம். வன்கூவர் பக்கத்தில் இருந்து ரொறொன்ரோவுக்கு 4,000 கிலோமீற்றருக்கு மேல். நாலு சில்லாலும் இழுக்கிற என் வான் அவ்வளவு தூரத்தையும் இன்னொரு லொறியின் முதுகில் கடந்தது. காப்புறுதிக் கதையை விடுங்கள். "வலது பக்கமா ஸ்ரீயரிங்?" என்றதும் மறுமுனையில் சங்கீதம் போட்டுவிடுவார்கள். மெக்கானிக்கோ, முன்விளக்கின் வெளிச்சம் இடதுபக்க ரோட்டுக்கு வைத்தது, இங்கே எதிரே வாறவன் கண்ணில் அடிக்கும் என்றார். அதற்கும் ஒரு பில்.

நான் வாகனம் பழகியதே வலதுபக்க ஸ்ரீயரிங்கில், இது எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். முதல் சந்தியிலேயே சிக்னல் என்று நினைத்து வைப்பரைப் போட்டேன். நல்ல வெயில். பின்னால் நின்றவர் வானத்தைப் பார்த்தார். கோப்பிக் கடையின் ட்ரைவ்-த்ரூவில் காசு கொடுப்பதும் கோப்பி வாங்குவதும் இப்போது மனுசியின் வேலை. முந்துவதென்றாலும் அவள்தான் எட்டிப் பார்த்து, "போங்கோ... ஐயோ வேண்டாம்... சரி போங்கோ" என்று சொல்லவேண்டும். நான் வெறும் சாரதி.

ரேடியோவும் உதவாது. அந்தக் காலத்து ஜப்பானிய எஃப்.எம். 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும். எங்கள் தமிழ் வானொலி 101.3இல் இருக்கிறது. ஆகவே வானில் கேட்கிற ஒரே குரல் ஒரு ஜப்பானியப் பெண்ணுடையது. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டுக்குக் கீழே இருந்து மிகப் பணிவாக ஏதோ சொல்லுவாள். என் மாமிக்கு அவளை நன்றாகப் பிடித்துவிட்டது. "எவ்வளவு மரியாதையான பிள்ளை, ஏறினவுடன சுகம் விசாரிக்குது" என்று ஒவ்வொரு முறையும் "ஓம் பிள்ளை, சுகம்" என்பார். மூன்று மாதம் நானும் தலையை ஆட்டினேன். ஒருநாள் மகள் போனை நீட்டி மொழிபெயர்த்தாள். அது ஜப்பானிய நெடுஞ்சாலையில் கட்டணம் அறவிடுகிற கருவி. "கார்ட் செருகப்படவில்லை" என்கிறதாம். நாங்கள் மூன்று மாதமாகச் சுகம் சொல்லிக்கொண்டிருந்தது கடன் கேட்பவளுக்கு. மாமி இன்னும் சொல்லுகிறார்.

காடு, மலை, ஆறு என்று இந்த வானைக் கொண்டுபோகும் திட்டம் ஒன்று என்னிடம் இருக்கிறது. இப்போதைக்கு அது தமிழ்க் கடைக்குப் போய் அரிசி மூட்டை ஏற்றி வருகிறது. மனுசி சொன்ன சாமான் வண்டி வேலை. தார் ரோட்டை விட்டு அது இறங்கியது ஒரேயொரு தரம்தான். நான் ஹான்ட்பிரேக் போட மறந்த இரவு, ஆளில்லாமல், பக்கத்து வீட்டுப் புல்லுத்தரையில் பன்னிரண்டு அடி. விடியப் போய்ப் பார்த்தேன், நாலு சில்லிலும் சேறு.