படி மாத்தி அளக்காதே, பேராண்டி

பேராண்டி, உன் சாமர்த்தியத்தை நினைச்சா எனக்குப் புல்லரிக்குது. சம்பளத்துல ஒரு பங்கைக் கொட்டி யூஎஸ்பி பிளேயர் வாங்கினே. பரண்ல தூங்கின அரக்குத் தட்டை அதுல ஏத்தி, கம்ப்யூட்டருக்குள்ள இறக்கினே. கேட்டுட்டு, "அந்தக் காலத்துப் பாட்டுக்காரங்களுக்கு எல்லாம் மூக்கடைப்பு போல தாத்தா"ன்னு தீர்ப்பும் எழுதிட்டே. அதோட விட்டியா? ட்ரெபிளைப் பிடிச்சு மேல ஏத்தினே. பாட்டு வந்த இடத்துல இரைச்சல் வந்து உக்காந்துகிச்சு. பெரிய படிப்புப் படிச்ச பிள்ளை, உனக்குப் போய் நான் சொல்றதான்னுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.

நான் மைக் செட்டுக்காரன். கல்யாணம், கோயில் கொடைன்னு ரிக்கார்டு போட்டே வயசானவன். பாடினவங்களுக்குச் சளி பிடிக்கலை. உன் பிளேயர் வயித்துக்குள்ள இருக்கிற ப்ரீஆம்ப்தான் கணக்குல பிசகுது.

தட்டு வெட்டுறவன் பாட்டை இருக்கிறபடியே வெட்ட மாட்டான். கீழ் ஸ்வரத்துக்கு முள்ளு ரொம்ப அகலமா ஆடும். அப்படியே விட்டா ஒரு கோடு பக்கத்துக் கோட்டுல போய் முட்டும், இல்லேன்னா ரெண்டு நிமிஷத்துல தட்டு தீர்ந்துபோகும். அதனால பாஸைக் குறைச்சு வெட்டுவான். மேல் ஸ்வரம் மெலிசு, தட்டோட இரைச்சல்ல மூழ்கிப்போகும். அதை ஏத்தி வெட்டுவான். நீ போடும்போது உன் பெட்டி குறைச்சதை ஏத்தி, ஏத்தினதைக் குறைச்சுத் தரணும். நெல்லு கடன் வாங்கினவன் எந்தப் படியில அளந்து வாங்கினானோ அதே படியில திருப்பி அளக்கணும்ல, அதே கணக்கு.

1954-ல அமெரிக்காவுல எல்லாரும் கூடி ஒரே படின்னு முடிவு பண்ணினாங்க. அதுக்குப் பேரு ஆர்ஐஏஏ. 50, 500, 2122 ஹெர்ட்ஸ்னு மூணு இடத்துல திரும்பும். 20 ஹெர்ட்ஸ்ல 19 டெசிபல் ஏத்தம், 20,000-ல கிட்டத்தட்ட அதே அளவு இறக்கம். உன் எல்பி தட்டுக்கெல்லாம் பெரும்பாலும் அது போதும், மகராசனாப் போட்டுக்கோ. உன் பிளேயருக்குத் தெரிஞ்ச படியும் அது ஒண்ணுதான். பரண்ல இருந்து இறக்கினது எல்லாம் அதுக்கு முந்தின 78 வேகத் தட்டு. அப்போ கம்பெனிக்கு ஒரு படி.

ஹெச்எம்வி தட்டை எடுத்துக்கோ. மின்சாரத்துல பதிவு பண்ண ஆரம்பிச்ச பிறகு அவங்க 250 ஹெர்ட்ஸுக்குக் கீழதான் பாஸைக் குறைச்சாங்க. ட்ரெபிளை ஏத்தவே இல்லை. உன் பெட்டியோ ஏத்தாத ட்ரெபிளை மெனக்கெட்டுக் குறைக்குது. 10,000 ஹெர்ட்ஸ்ல 13 டெசிபலுக்கு மேல வெட்டிடுது. கூடவே பாஸை 500-ல இருந்தே தூக்க ஆரம்பிக்குது. கே.பி.சுந்தராம்பாள் குரலே ஆனாலும், கூர்மையை வெட்டிட்டு அடிக்குரலை ஊதிவிட்டா கம்பளிக்குள்ள இருந்து பாடின மாதிரிதான் கேக்கும். நீ அந்த அம்மாளுக்கு மூக்கடைப்புங்கிறே. நல்லா இருக்குடா நியாயம்.

இப்போ உன் புத்திக்கு ஒரு பொறி வைக்கிறேன். கையில இருக்கிறது கொலம்பியா லேபிள். ஆடாசிட்டி மென்பொருளுக்குன்னு கிடைக்கிற பழைய கர்வ், அதாவது படிப் பட்டியல்ல "கொலம்பியா 78"னு ஒண்ணு பல்லைக் காட்டும். ஆஹான்னு அதைத்தானே அமுக்குவே? அது அமெரிக்கக் கொலம்பியாப்பா. 1931-ல ஹெச்எம்வியும் லண்டன் கொலம்பியாவும் ஒண்ணாச் சேர்ந்து இஎம்ஐ ஆச்சு. அமெரிக்காக்காரன் தனிக்குடித்தனம் போயிட்டான். நம்ம ஊருக்கு வந்தது இஎம்ஐ வீட்டுப் பிள்ளை. அதனால "இஎம்ஐ 78"ல ஆரம்பி. பேரைப் பார்த்துப் பொண்ணு எடுத்தவன் கதையை உங்க அப்பனைக் கேளு, சொல்லுவான்.

1925-க்கு முந்தி, மைக்கே இல்லாம புனலுக்கு முன்னால நின்னு கத்திப் பாடின தட்டு இருந்தா அதுக்கு எந்தப் படியும் கிடையாது. பாஸையும் ஏத்தாதே, ட்ரெபிளையும் குறைக்காதே. லேபிள்ல பிந்தின வருஷம் இருக்கேன்னும் ஏமாறாதே. பழைய அச்சுல இருந்து பிந்தி அடிச்ச தட்டு பழைய படியிலதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து வேகத்துல இருக்கு. உன் பிளேயர்ல 78 கிடையாது, 33-ம் 45-ம்தான். நீ 45-ல ஓட்டிப் பதிஞ்சு, கம்ப்யூட்டர்ல வேகத்தைக் கூட்டினே. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா பாட்டோட சேர்ந்து அந்த ஆர்ஐஏஏவும் ஓடிப்போச்சு. 500-ல திரும்ப வேண்டியது 867-ல திரும்புது. 2122-ல திரும்ப வேண்டியது 3678-க்குப் போயிருச்சு. இப்போ அது எந்த ஊர்ப் படின்னு பிரம்மனுக்கும் தெரியாது. வரிசையா செய். 45-ல பதிஞ்ச கையோட ஆர்ஐஏஏவைத் தலைகீழாப் போட்டு, பெட்டி செஞ்சதை அழி. அப்புறம் வேகத்தைக் கூட்டு. கடைசியா இஎம்ஐ கர்வைப் போடு. டிக் டிக்னு வர்ற கீறல் சத்தத்தையும் அந்தக் கர்வுக்கு முந்தியே எடுத்துடு. அப்பதான் அது கூரா நின்னு கண்ணுக்குத் தட்டுப்படும்.

நீங்க மட்டும் இதெல்லாம் பார்த்தீங்களாக்கும்னு கேப்பே. பார்க்கலைதான். எங்க பிளேயர்ல கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ். முள்ளு எவ்வளவு அகலம் ஆடுதோ அவ்வளவு மின்சாரம் தரும், அதனால படி அளக்கிற ஈக்யூ பெட்டி இல்லாமலே ஓரளவுக்குச் சமாளிச்சுக்கும். போதாததுக்குப் பனைமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர். அதுல பாஸும் கிடையாது, உச்சி ட்ரெபிளும் கிடையாது. மூணு ஊருக்குக் கேக்கும், அதுதான் அதோட பெருமை. உன் பிளேயர்ல இருக்கிறது மேக்னட் கார்ட்ரிட்ஜ். ஆட்டத்தோட அகலத்தைப் பார்க்காம வேகத்தைப் பார்க்கும். தர்றதும் ஒரு சில மில்லிவோல்ட்தான். அதுக்குப் படி அளக்காம ஒண்ணும் ஆகாது.

முள்ளையும் மாத்து. எல்பி முள்ளு 78 கோட்டுக்குள்ள அடியில கிடக்கிற அழுக்கைத்தான் உழும். இதுக்கு 3 மில் முள்ளு வேணும். ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேர்த்து மோனோ ஆக்கிடு, பாதி கரகரப்பு போயிரும். அப்புறம் ஒண்ணு: சுத்தம் பண்றேன்னு ஸ்பிரிட்டைத் தொடாதே. அரக்கு கரைஞ்சுபோகும். வார கடைசியில நீ குடிக்கிறதை நான் தடுக்கலை, தட்டுக்கு ஊத்திக் கொடுக்காதேங்கிறேன்.

இத்தனையும் செஞ்ச பிறகு உன் காதுக்குப் பிடிச்ச மாதிரி ட்ரெபிளை ஒரு சொட்டு கூட்டு, குறை. அது உன் இஷ்டம். ஆனா பிளேயர்ல இருந்து முதல்ல வந்த கோப்பை அழிக்காதே. எந்த லேபிள், எந்த முள்ளு, எந்த வேகம், எந்த கர்வ்னு பக்கத்துலயே எழுதி வை. கீறல் விழுந்த தட்டைத் திரும்பத் திரும்ப ஓட்ட முடியாது. நீ போட்ட படி தப்புன்னு நாளைக்கு ஒருத்தன் வந்து சொன்னா, அவனுக்குக் கொடுக்க அந்த முதல் கோப்பு ஒண்ணுதான் மிச்சம்.