ஆளில்லாத் தீவின் அருமை

கச்சத்தீவு 285 ஏக்கர். குடிக்கத் தண்ணீர் இல்லை, குடியிருக்க ஆளும் இல்லை. தேசபக்திக்கு இதைவிடத் தோதான மண் ஏது? அங்கே எவனும் டீசல் மானியம் கேட்க மாட்டான், ஆஸ்பத்திரி எங்கே என்று மறிக்க மாட்டான்.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும், தீவு இலங்கைக்கே என்று ஒப்பந்தம் போட்டார்கள். இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமலே தீவுக்கு வந்துபோகலாம் என்று பெருந்தன்மையாக எழுதினார்கள். மீன் பிடிக்கலாமா என்பதை மட்டும் சொல்லவில்லை. 1976இல் அதுவும் ஞாபகம் வந்தது: கூடாது! ஆக, அந்தோணியாரைப் பார்க்கப் போனால் பக்தன்; அதே ஆள் மீனைப் பார்க்கப் போனால் கைதி.

2024 பிப்ரவரியில், சிறைப்பட்ட மீனவர்களை விடுவிக்கக் கோரி ராமேஸ்வரத்துக்காரர்கள் தீவின் அந்தோணியார் கோயில் திருவிழாவையே புறக்கணித்தார்கள். டில்லிக்குக் காது கேட்கவில்லை. மார்ச் கடைசியில், தேர்தல் நெருங்கியதும், தீவு பறிபோன சோகம் பிரதமருக்குத் தாங்க முடியாமல் போயிற்று. ஐம்பது வருஷத் துக்கம், பாவம். இங்குள்ள கழகங்களும் இளைத்தவையல்ல. யார் தாரை வார்த்தது என்ற பட்டிமன்றத்திலேயே இரண்டு தலைமுறை ஓடிவிட்டது.

ஆள் இருக்கும் தீவுகளின் கதை வேறு. எதிர்க்கரையில் நெடுந்தீவு இருக்கிறது. 1985 மே 15 அன்று அங்கிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் ஏறி, பயணிகளை வெட்டிக் கொன்றவர்கள் அவர்களுடைய சொந்த நாட்டுக் கடற்படையினர். செத்தவர்களும் இலங்கைக் குடிமக்கள்தாம் என்பது காகிதத்தில் பத்திரமாக இருந்தது.

இலங்கையில் போர் முடிந்து, வட மாகாண மீனவர் கடனை வாங்கி வலை விரித்தார். அதை அறுத்துக்கொண்டு போனது யாருடைய இழுவைமடி? நம்முடையது. மேடையில் அவர் தொப்புள்கொடி உறவு, கடலில் நம் மடிக்குக் குறுக்கே வந்த இடைஞ்சல். அடிமட்ட இழுவையை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நாமோ முதலாளியின் விசைப்படகையும், அதில் கூலிக்குப் போய் வெலிக்கடைச் சிறை வரை பார்த்துவந்தவனையும் ஒரே 'மீனவர்' கணக்கில் எழுதி, இருவருக்கும் சேர்த்துக் கண்ணீர் விடுகிறோம். படகு முதலாளி சிறையில் இருந்ததாக யாராவது கேள்விப்பட்டீர்களா?

அடுத்த தேர்தலுக்கும் தீவை மீட்க வருவார்கள். பாம்பன்காரர்களே, மாலை போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: உள்ளே இருப்பவன் எந்தத் தேதியில் வீடு திரும்புவான்? இழுவைமடியை எந்தத் தேதியில் நிறுத்துவீர்கள்? தேதி சொல்லாதவரைக் கச்சத்தீவிலேயே குடியேறச் சொல்லுங்கள்.